சம்பந்தி ஆப்ட்ரூட் பண்ண வருகிறார்

"ஞாயித்துக்கிழமை காலைல நாங்க குடும்பத்தோட வந்து ஆப்ட்ரூட் பண்ணலாம்னு இருக்கோம்" என்றது போன்.

வேல்பாண்டியின் வாய் நிறையப் பற்பசை நுரை. துப்பிவிட்டுப் பேசினால் மரியாதைக் குறைவு. பேசுகிறவர் ஸ்ரீவில்லிபுத்தூர் சமுத்திரம், மாப்பிள்ளைக்கு அப்பா. வேல்பாண்டி நுரையை விழுங்கினார்.

"தாராளமா பண்ணுங்க சார். குடும்பத்தோட வந்து பண்ணுங்க. அதுக்குத்தான் நாங்க காத்துக்கிட்டு இருக்கோம்."

எதிர்முனை மிகவும் மகிழ்ந்துபோய் "தேங்க் யூ, தேங்க் யூ" என்று இரண்டு முறை சொல்லிவிட்டு வைத்தது.

அந்த வார்த்தை இப்படித்தான் இராஜபாளையத்தில் அந்த வீட்டுக்குள் நுழைந்தது. யாரும் அழைக்கவில்லை. வந்ததும் சொந்த வீடு மாதிரி கால் நீட்டிக்கொண்டது.

வேல்பாண்டி ஆஸ்பத்திரிகளுக்கு பேண்டேஜ் துணி தயாரிக்கிற கம்பெனியில் சூப்பர்வைசர். ஊரார் காயத்துக்கெல்லாம் அவர் கண்காணிப்பில்தான் கட்டுத்துணி சுருளாகிறது. சொந்த வாயால் உண்டாகிற காயத்துக்கு மட்டும் அவரிடம் கட்டு இல்லை. மகள் நாகஜோதிக்கு வந்த இரண்டு நல்ல இடங்களை அந்த வாய்தான் அனுப்பி வைத்தது. சிவகாசிக்காரர்கள் வந்தபோது மாப்பிள்ளையின் அம்மாவைப் பார்த்து, "நீங்க மாப்பிள்ளைக்கு அப்பத்தாவா?" என்று பாசமாக விசாரித்தார். விருதுநகர்க்காரர்கள் வந்தபோது, "வழுக்கையப் பத்தி நாங்க ஒண்ணும் நெனைக்கல" என்று தானாக முன்வந்து ஆறுதல் சொன்னார். அதுவரை அந்த வழுக்கையைப் பற்றி யாரும் ஒன்றும் நினைக்கவில்லை.

இது மூன்றாவது இடம். மதுரையில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிற நாகஜோதி, மாப்பிள்ளை கௌதம்ராஜின் போட்டோவைப் பார்த்து "வரச் சொல்லுங்க, பாக்கலாம்" என்றிருந்தாள். வந்த போட்டோவையெல்லாம் கவிழ்த்து வைத்துப் பழகியவள் அவள். அந்தப் "பாக்கலாம்" கேட்டு அவள் அம்மா பாண்டிசெல்வி கேசரி கிண்டினாள். கிண்டிக்கொண்டே கணவரிடம், "இந்தத் தடவை நீங்க சிரிச்சா மட்டும் போதும்" என்று எச்சரித்தாள்.

"போன்ல என்ன சொன்னாக?" என்று இப்போது கேட்டாள்.

"ஞாயித்துக்கிழமை ஆப்ட்ரூட் பண்றாகளாம்."

"அப்படின்னா?"

வேல்பாண்டிக்கும் தெரியாது. ஆனால் சமுத்திரம் ஸ்பின்னிங் மில் ஒன்றில் பர்சனல் மானேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய இங்கிலீஷை அந்த மில்லில் ஒருவரும் திருத்தியதில்லை. திருத்த நினைத்தவனின் இன்கிரிமென்ட்டில் அவர்தான் கையெழுத்துப் போட வேண்டும். அப்படிப்பட்டவரிடம் போய் அர்த்தம் கேட்க முடியுமா?

"அதான், வாரது" என்றார்.

"வாரதுன்னா வாரோம்னு சொல்ல வேண்டியதுதான?"

"வாரது வேற, இது வேற. மந்திரி ஒரு விழாவுக்கு வந்தா எப்படிப் போடுதான்? வந்தாருன்னா போடுதான்? வருகை தந்து சிறப்பித்தார்னு போடுதான். அதுக்கு இங்கிலீஷ்ல ஒத்தை வார்த்தை, ஆப்ட்ரூட். எம்புட்டு பெரிய மனுசன் பாரு."

சந்தேகம் தீர்ந்துவிட்டது. போதாக்குறைக்கு சற்று நேரத்தில் சமுத்திரமே வாட்ஸப்பில் அந்தச் சொல்லை இங்கிலீஷ் எழுத்தில் போட்டு, கூப்பிய கைப் படம் இரண்டு வைத்து அனுப்பினார். இனி எழுத்துப்பிழைக்கும் பயமில்லை.

அன்று கம்பெனியில் சனிக்கிழமை அரை நாள் லீவு கேட்கும்போது வேல்பாண்டி முதலாளியிடம், "வீட்ல ஒரு ஆப்ட்ரூட் இருக்கு சார்" என்றார். முதலாளி ஒரு கணம் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு, "நல்லபடியா நடக்கட்டும்" என்று லீவு கொடுத்தார். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற வழக்கம் அந்தக் கம்பெனியில் மேலிருந்து கீழ்வரை கிடையாது. டீ நேரத்துக்குள் அந்த வார்த்தை பேக்கிங் செக்‌ஷனுக்குப் போய்விட்டது. சாயங்காலம் ஷிப்டு விடும்போது ஓர் அம்மாள் தன் சம்பந்தியிடம் போனில், "ஒரு நாள் எங்க வீட்டுக்கும் வந்து ஆப்ட்ரூட் பண்ணிட்டுப் போங்க" என்று உபசரித்துக்கொண்டிருந்தார். போனிலேயே அவர்களும் சரி என்றுவிட்டார்கள்.

இதோடு நின்றிருந்தால் வேல்பாண்டி தப்பியிருப்பார். அவர் நேரே ஃப்ளெக்ஸ் கடைக்குப் போனார்.

சனிக்கிழமை மத்தியானம் காம்பவுண்டுச் சுவர் நீளத்துக்கு ஃப்ளெக்ஸ் ஏறியது. நடுவில் சமுத்திரம், வாட்ஸப்பில் இருந்த கோட்டு போட்ட படம். இரண்டு பக்கமும் கடைக்காரப் பையன் தன் அன்பளிப்பாகச் சேர்த்த சிங்கங்கள். கீழே: 'எங்கள் இல்லத்திற்கு வருகை தந்து OBTRUDE செய்யும் ஸ்ரீவில்லிபுத்தூர் சமுத்திரம் குடும்பத்தாரே, வருக வருக.' அந்த ஒரு சொல் மட்டும் சிவப்பில், தெருமுனை டீக்கடையிலிருந்து வாசிக்கிற அளவில்.

பாண்டிசெல்வி தலையில் கை வைத்துக்கொண்டாள். "பொண்ணு பாக்க வாரவுகளுக்கு யாராவது பேனர் வைப்பாகளா? நாளைக்கு அமையலேன்னா தெருவுல எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு நடக்க?"

"அமையாம எங்க போகுது" என்றார் வேல்பாண்டி.

சாயங்காலம் மதுரையிலிருந்து வந்த நாகஜோதி பையோடு வாசலிலேயே நின்றுவிட்டாள். ஃப்ளெக்ஸை வாசித்தாள். போனை எடுத்து எதையோ தட்டினாள். மறுபடியும் ஃப்ளெக்ஸைப் பார்த்தாள்.

"அப்பா, இந்த வார்த்தைய யார் எழுதச் சொன்னது?"

"உங்க மாமனார் வார்த்தைதான்" என்று வேல்பாண்டி வெட்கப்பட்டார்.

"போன வருசம் பக்கத்து வீட்டுக் காதுகுத்துல நம்ம ராக்கெட் பந்திக்குள்ள நுழைஞ்சு, நாலு எலைய மிதிச்சு, தாய்மாமன் மடியில ஏறி உக்காந்துச்சுல்ல?"

ராக்கெட் அவர்கள் வளர்க்கும் நாய். அசல் இராஜபாளையம், வெள்ளை, எழுந்து நின்றால் ஆள் உயரம். அந்தக் காதுகுத்து அன்று அழுத குழந்தையைவிடத் தாய்மாமன்தான் அதிகம் அழுதார்.

"ஆமா, அதுக்கென்ன?"

"அதுக்குப் பேருதான் ஆப்ட்ரூட். கூப்பிடாத இடத்துல போய் நுழைஞ்சு எல்லாருக்கும் தொந்தரவா இருக்கறது."

வேல்பாண்டி வாசற்படியில் உட்கார்ந்தார். அவர் பக்கத்தில் ராக்கெட்டும் உட்கார்ந்தது.

"அப்ப அவிய ஏன் அப்படிச் சொன்னாக?"

"தன்னடக்கம்ப்பா. 'உங்களைத் தொந்தரவு பண்ண வாரோம்'னு பெரிய மனுசங்க சொல்றதில்லையா? 'சேச்சே, தொந்தரவு என்ன இருக்கு'ன்னு நாம சொல்லணும். நீங்க என்ன சொன்னீங்க?"

பாண்டிசெல்விதான் சொன்னாள்: "தாராளமா பண்ணுங்கன்னாரு. குடும்பத்தோட வந்து பண்ணுங்கன்னாரு. அதுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்கோம்னும் சொன்னாரு."

நாகஜோதி சத்தமில்லாமல் பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கதவைச் சாத்தும் முன், "எனக்கு அந்தப் போட்டோ பிடிச்சிருந்துச்சுப்பா" என்றாள். அவள் திட்டியிருந்தால் வேல்பாண்டி தாங்கியிருப்பார்.

அவர் அப்போதே ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போன் போட்டார். பாண்டிசெல்வி போனைப் பிடுங்கப் பார்த்தாள்; அதற்குள் சமுத்திரம் எடுத்துவிட்டார்.

"சார், அன்னைக்கு நான் சொன்னதைத் தப்பா எடுத்துக்கக் கூடாது. நீங்க ஆப்ட்ரூட் பண்ணவே மாட்டீங்க சார்."

எதிர்முனைக் குரல் விறைத்தது. "நான் பண்ண மாட்டேனா?"

"உங்களால பண்ணவே முடியாது சார். நீங்க அந்த மாதிரி ஆளே கிடையாது. இதை நான் எங்க வேணும்னாலும் வந்து சொல்லுவேன்."

"எங்க வேணும்னாலுமா?"

"மேடை போட்டுச் சொல்லுவேன் சார்."

போன் கட்டாகிவிட்டது. வேல்பாண்டி நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "மனுஷன் கண் கலங்கிட்டார் போலிருக்கு" என்றார். பாண்டிசெல்வி, "நீங்க மன்னிப்புக் கேட்ட மாதிரியே தெரியலையே, பஞ்சாயத்துக்குக் கூப்பிட்ட மாதிரில்ல இருந்துச்சு" என்றாள்.

மறுநாள் விடிந்ததும் ஃப்ளெக்ஸ் பிரச்சினை. மொத்தமாகக் கழற்றலாம் என்றால், நேற்று முழுத் தெருவும் அதன் முன்னால் நின்று செல்ஃபி எடுத்திருக்கிறது. காலையில் காணோம் என்றால் கல்யாணமே நின்றுபோனதாக எட்டு மணிக்குள் சேதி பரவிவிடும். ஆகவே அந்த ஒரு சொல்லை மட்டும் மறைப்பது என்று முடிவானது. வீட்டில் பெயின்ட் இல்லை. இருந்தது பேண்டேஜ்.

வேல்பாண்டி ஸ்டூல் போட்டு ஏறி, அந்தச் சிவப்புச் சொல்லின் மேல் முதலில் பஞ்சு வைத்தார். அதன்மேல் காஸ் எனும் வலைத்துணி. அதன்மேல் பிளாஸ்திரி, குறுக்கும் நெடுக்குமாக. தொழில் சுத்தம். ஆனால் சிவப்பு மை பனி ஈரத்தில் கசிந்து துணியில் லேசாக ஊறியது. தூரத்திலிருந்து பார்க்க, சமுத்திரத்தின் மார்புக்குக் கீழே யாரோ வெட்டி, முதலுதவி செய்த மாதிரி இருந்தது. சிங்கங்கள் இரண்டும் அந்தக் காயத்தையே பார்த்துக்கொண்டிருந்தன.

பிறகு வீட்டில் உத்தரவு போட்டார். அந்த வார்த்தை யார் வாயிலிருந்தும் வரக்கூடாது. முக்கியமாக அவர் வாயிலிருந்து. ராக்கெட்டைக் கொல்லையில் கட்டியாயிற்று.

கார் வந்தது. கோட்டு சூட்டோடு சமுத்திரம் இறங்கினார். அந்த வெயிலில் அந்தக் கோட்டைப் பார்த்தாலே பார்க்கிறவருக்கு வேர்க்கும். பின்னால் கௌதம்ராஜ், கூச்சத்தோடு. கடைசியில் மாப்பிள்ளையின் அம்மா செல்லத்தாய், கையில் பால்கோவா டப்பா. சிறிய உருவம், அதிகம் பேசாத முகம்.

சமுத்திரம் ஃப்ளெக்ஸைப் பார்த்தார். தன் படத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. கீழே வாசித்துக்கொண்டே வந்தவர் கட்டுப் போட்ட இடத்தில் நின்றார். 'வருகை தந்து' இருக்கிறது. 'செய்யும்' இருக்கிறது. நடுவில் பிளாஸ்திரி. விளிம்பில் ஒரு சிவப்பு 'O' மட்டும் பாதி எட்டிப் பார்த்தது.

"இங்க என்ன போட்டிருந்துச்சு?"

"அது ஒண்ணுமில்ல சார். உங்களுக்குப் பொருந்தாத ஒரு வார்த்தை" என்றார் வேல்பாண்டி, மிகுந்த அன்போடு.

சமுத்திரத்தின் மலர்ச்சி கோட்டுக்குள் போய்விட்டது. செல்லத்தாய் பிளாஸ்திரியைப் பார்த்தாள், வேல்பாண்டியைப் பார்த்தாள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு தும்மினாள். தும்மல்தான் என்று வேல்பாண்டி நினைத்தார்.

உள்ளே உட்கார்ந்தார்கள். பாண்டிசெல்வி தட்டு நிறையப் பால்கோவா கொண்டுவந்து வைத்தாள். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்குப் பால்கோவா வைக்கிறோமே என்பது வைத்த பிறகுதான் உறைத்தது. அவர்கள் கொண்டுவந்த டப்பாவும் அதே கடைதான். இரண்டும் எதிரெதிரே இருந்தன, யாரும் தொடவில்லை. வேல்பாண்டி பாண்டிசெல்வி சொன்னபடி சிரித்துக்கொண்டே இருந்தார். சமுத்திரம் கேட்ட கேள்விக்கெல்லாம் சிரித்தார். மழை பெய்ததா என்று கேட்டதற்கும் சிரித்தார்.

நாகஜோதி காபித் தட்டோடு வந்தாள். கௌதம்ராஜ் நிமிர்ந்து பார்த்தான். அவளும் பார்த்தாள். அந்தப் பார்வையில் பாண்டிசெல்விக்கு முகூர்த்தத் தேதியே தெரிந்துவிட்டது.

அப்போதுதான் கொல்லையில் சங்கிலி அறுந்தது.

ராக்கெட் அடுக்களையைக் கடந்து, காபித் தட்டுக்குக் கீழே புகுந்து, முன்னங்கால் இரண்டையும் சமுத்திரத்தின் கோட்டு மேல் வைத்து, அவர் முகத்தை அன்போடு நக்கியது. வேல்பாண்டிக்கு நேற்று மகள் நடத்திய பாடம் மட்டும்தான் அந்த நேரத்தில் நினைவுக்கு வந்தது.

"ஏலே ராக்கெட், இறங்குலே. பெரிய மனுசர்கிட்டப் போய் ஆப்ட்ரூட் பண்ணாத."

வாயிலிருந்து போனதைத் திரும்ப விழுங்க வேல்பாண்டி ஒரு தடவை முயன்றார். அது பற்பசை இல்லை.

சமுத்திரம் மெதுவாக நாயின் கால்களை எடுத்துக் கீழே வைத்தார். எழுந்து நின்று கோட்டைத் தட்டினார்.

"அந்த வார்த்தையப் பேனர்ல கட்டுப் போட்டு வச்சிருக்கீக. அத நாய்க்குச் சொல்லுதீக. எனக்கு மட்டும் கிடையாதுங்கிறீக. நான் மானேஜரா இருந்தவன் சார். என்னையப் பாத்து, உன்னால ஆப்ட்ரூட் பண்ண முடியாதுன்னு இதுவரைக்கும் ஒருத்தன் சொன்னதில்ல. செல்லத்தாயி, எந்திரி."

கௌதம்ராஜ் தரையைப் பார்த்தான். நாகஜோதி காபித் தட்டை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். என்ன குற்றம் செய்தோம் என்றே வேல்பாண்டிக்குப் புரியவில்லை. தொந்தரவு என்றாலும் கோபம், தொந்தரவு இல்லை என்றாலும் கோபம். இப்படியும் ஒரு தன்னடக்கம் உண்டா? "சார், சத்தியமா சொல்றேன், நீங்க ஆப்ட்ரூட்..." என்று ஆரம்பித்தவரை மகளின் முகம் நிறுத்தியது. அது நேற்றுக் கதவைச் சாத்தியபோது இருந்த அதே முகம்.

செல்லத்தாய் எழுந்தாள். ஆனால் வாசலுக்குப் போகவில்லை. தண்ணீர் கேட்க வருகிறவள் போல வேல்பாண்டியின் பக்கம் வந்து தாழ்ந்த குரலில் சொன்னாள்:

"அண்ணே, 'ஆப்ட்ரூட் பண்ணிட்டீக'ன்னு அவியகிட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்க."

"ஐயோ தங்கச்சி, அதுக்கு அர்த்தம்..."

"எனக்குத் தெரியும். நீங்க சொல்லுங்க. நல்லாச் சத்தமாச் சொல்லுங்க."

வேல்பாண்டி கண்ணை மூடிக்கொண்டார். வீட்டுக்கு வந்த சம்பந்தியை, அவர் முகத்துக்கு நேராக, உரத்த குரலில் அவமானப்படுத்தத் தயாரானார்.

"சார், நீங்க போகப்படாது. நீங்க ரொம்ப நல்லா ஆப்ட்ரூட் பண்ணிட்டீங்க. இந்த வீட்ல இம்புட்டு பெரிய ஆப்ட்ரூட் இதுவரைக்கும் நடந்ததே இல்ல."

சமுத்திரம் திரும்பினார். "மனசாரச் சொல்லுதீகளா?"

"மனசாரத்தான் சார்." அந்த நேரத்தில் அது முழு உண்மையாகவும் இருந்தது.

சமுத்திரத்தின் மலர்ச்சி கோட்டுக்குள்ளிருந்து வெளியே வந்தது. உட்கார்ந்தார். பால்கோவாவை எடுத்தார், தட்டிலிருந்தும் டப்பாவிலிருந்தும். நாகஜோதியைக் கூப்பிட்டு, "காபி கொண்டா தாயி" என்றார். ராக்கெட்டைக்கூடத் தடவிக் கொடுத்தார். "எல்லாரும் இந்த வார்த்தைய லேசா நெனைக்காக. எனக்கு இத மொத மொதச் சொன்னது என் மாமனார். பெரிய இங்கிலீஷ் வாத்தியார். அவரு வாயிலருந்து ஒரு நல்ல வார்த்தை வாங்க முடியாதும்பாக. நான் போன மொத நாளே வாங்கினேன்" என்று பெருமூச்சு விட்டார்.

அரை மணி நேரத்தில் எல்லாம் பேசி முடிந்தது. தை மாதம், ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே கல்யாணம். வேல்பாண்டி தானே ஸ்டூல் போட்டு ஏறிப் பிளாஸ்திரியை உரித்தார். சமுத்திரம் அந்தச் சிவப்புச் சொல்லுக்கு அடியில், இரண்டு சிங்கங்களுக்கு நடுவே நின்று படம் எடுத்துக்கொண்டார். கல்யாணப் பத்திரிகையிலும் அந்தச் சொல் கட்டாயம் இருக்க வேண்டும் என்றார். நாகஜோதியும் கௌதம்ராஜும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, ஒரே நேரத்தில் வேறு பக்கம் திரும்பிச் சிரித்தார்கள்.

சமுத்திரம் காரில் ஏறிய பிறகு வேல்பாண்டிக்குப் பொறுக்கவில்லை. மறுபக்கக் கதவருகே நின்ற செல்லத்தாயிடம் மெதுவாகக் கேட்டார்.

"தங்கச்சி, இம்புட்டு வருசத்துல ஒரு தடவையாவது அவியகிட்ட அர்த்தத்தைச் சொல்லியிருக்கலாமே?"

"எப்படிண்ணே சொல்ல?" என்றாள் செல்லத்தாய், சேலை முந்தானையைச் சுருட்டிக் காரில் ஏறிக்கொண்டே. "கூப்பிடாம கொள்ளாம ஒத்தையில வந்து என்னையப் பொண்ணு கேட்டு நின்னப்ப, எங்கய்யா வெளிய போன்னு இங்கிலீஷ்ல திட்டுன வார்த்தை அது; அவிய அத ஆசீர்வாதம்னு நெனச்சு நெடுஞ்சாண்கெடையாக் கால்ல விழுந்துட்டாக, விழுந்தவரைத் தொரத்த முடியாம எங்கய்யா என்னையக் குடுத்துட்டாரு."